பேனா முள்ளில் தொடங்கிய சிப் உலகம்: யார் இந்த யான் சோக்ரால்ஸ்கி?

இந்தக் கட்டுரையை நீங்கள் எந்த போனில் படித்தாலும் சரி, அதற்குள் இருக்கும் சிப் ஒரு சிலிக்கான் துண்டின் மேல்தான் உருவாகியிருக்கும். அந்தச் சிலிக்கான் பெரும்பாலும் ஒரே முறையில்தான் தயாராகிறது. உருகிய சிலிக்கான் குழம்பில் ஒரு சின்ன விதைப் படிகத்தை நனைத்து, சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கேட்க அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் சோக்ரால்ஸ்கி முறை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சி-இசட் என்று சுருக்கமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாகக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்று கேட்டால், பலரிடம் பதில் இருக்காது.

அவருடைய முறை செமிகண்டக்டர் துறையின் அடித்தளமாக மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் போலந்தின் ஒரு சின்ன ஊரில் ஜலதோஷப் பொடியும் ஷூ பாலிஷும் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். நாட்டுக்குத் துரோகம் செய்தவர் என்ற குற்றச்சாட்டு அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கறை துடைக்கப்பட்டது 2011-ல். அப்போது அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

என்னதான் நடந்தது? முதலிலிருந்து பார்ப்போம்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

யான் சோக்ரால்ஸ்கி 1885 அக்டோபர் 23-ம் தேதி க்சினியா என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. அன்று போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. பக்கத்து வல்லரசுகள் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. க்சினியா ஜெர்மனியின் கையில் இருந்தது. வீட்டில் போலிஷ் பேச்சு, அரசாங்கத்தில் ஜெர்மன். இந்த இரட்டை அடையாளம் அவருக்குக் கடைசி வரை ஒரு பிரச்சினையாகவே இருக்கப்போகிறது என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தச்சர். பிள்ளைகள் நிறைய இருந்த வீடு. ஆசிரியராக வேண்டும் என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்த மதிப்பெண் நியாயமாக இல்லை என்று கோபப்பட்டு, சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கிழித்தாரோ இல்லையோ, உயர்கல்விக்குத் தேவையான சான்றிதழ் அவரிடம் இல்லை என்பது உண்மை.

வேதியியல் மீது மட்டும் தீராத ஆசை. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மருந்துக் கடை என்றால் பாதி பரிசோதனைக்கூடம் மாதிரி. அரைப்பது, கரைப்பது, காய்ச்சுவது எல்லாமே அங்கேதான் நடக்கும். பிறகு பெர்லினுக்குப் போனார். அங்கேயும் முதலில் மருந்துக் கடை வேலைதான். கூடவே சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் வகுப்புகள். 1907-ல் ஏஇஜி என்ற பெரிய மின்சாதன நிறுவனத்தில் இடம் கிடைத்தது.

மின்கம்பி தயாரிக்கும் நிறுவனத்துக்கு உலோகம்தான் உயிர். எந்த உலோகம் வளையும், எது உடையும், எதில் அழுக்கு கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். சோக்ரால்ஸ்கி அந்த வேலையில் தேர்ந்தார். விலை அதிகமான செம்புக்குப் பதிலாக அலுமினியத்தை மின்துறையில் பயன்படுத்தும் முயற்சிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1910-ல் டச்சு வம்சாவளியைச் சேர்ந்த பியானோ கலைஞர் மார்கரீட் ஹாஸேவைத் திருமணம் செய்துகொண்டார்.

மைக்கூட்டுக்குப் பதிலாக உருகிய ஈயம்

1916. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. சோக்ரால்ஸ்கிக்கு வயது 30.

அன்று நடந்ததாகச் சொல்லப்படும் கதை இதுதான். மேஜையில் உட்கார்ந்து சோதனைக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உருகிய வெள்ளீயம் ஒரு சின்ன மூசையில் ஆறிக்கொண்டிருந்தது. யோசனையில் மூழ்கியவர், பேனாவை மைக்கூட்டில் தொடுவதற்குப் பதிலாக அந்த மூசையில் தொட்டுவிட்டார். சட்டென்று இழுத்தபோது, பேனா முள்ளின் நுனியில் மெல்லிய உலோக நூல் ஒன்று தொங்கியது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பேனா போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு வேறு பேனா தேடியிருப்போம். அவர் அந்த நூலை எடுத்து அமிலத்தில் சோதித்துப் பார்த்தார். அந்த நூல் முழுவதும் ஒரே படிகமாக இருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வீட்டில் நெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய நெய்யை அப்படியே ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். காரணம், உறைதல் ஒரே இடத்தில் ஆரம்பிப்பதில்லை. பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக வளர்ந்து, கடைசியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். உலோகமும் அப்படித்தான்.

இன்னொரு மாதிரி சொல்லலாம். பெரிய ஹாலில் பத்து கொத்தனார்கள் பத்து மூலையிலிருந்து டைல்ஸ் பதிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அவரவர் பகுதி நேர்த்தியாக இருக்கும். ஆனால் இருவர் சந்திக்கிற இடத்தில் கோடு சேராது. சோக்ரால்ஸ்கியின் நூலில் ஒரே கொத்தனார், ஒரே டைலில் ஆரம்பித்து, கடைசி வரை அவரே பதித்த மாதிரி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அணுக்களின் வரிசை குலையவே இல்லை.

இங்கே ஒரு சுவாரஸ்யம். படிகம் தயாரிப்பது அன்று அவருடைய நோக்கமே இல்லை. உலோகம் எவ்வளவு வேகத்தில் உறைகிறது என்று அளக்க ஒரு வழி கிடைத்தது என்றுதான் அவர் பார்த்தார். லாஜிக் எளிமையானது. நூலை மெதுவாக இழுத்தால் உறைந்துகொண்டே வரும். உறையும் வேகத்தைவிட அதிகமாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்துபோகாமல் எவ்வளவு வேகமாக இழுக்க முடிகிறதோ, அதுதான் உறையும் வேகம். வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் மூன்றையும் இப்படி அளந்து ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலத் தாமதம். 1916-ல் அனுப்பிய கட்டுரை 1918-ல்தான் அச்சில் வந்தது.

அடுத்த 30 ஆண்டுகளுக்கு அந்தக் கட்டுரையை உலோக ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ரயிலில் ஏறிய புகழ்

அந்தக் காலத்தில் சோக்ரால்ஸ்கிக்குப் பேர் வாங்கித் தந்தது படிகம் அல்ல, ரயில்.

1917-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பெரிய உலோக நிறுவனத்தின் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். ரயில் சக்கரத்தின் அச்சு சுழலும் இடத்தில் தேய்மானத்தைத் தாங்க பேரிங் உலோகம் வேண்டும். அதுவரை அதற்கு வெள்ளீயம் நிறைய தேவைப்பட்டது. போரில் தோற்ற ஜெர்மனியிடம் வெள்ளீயம் வாங்கக் காசு இல்லை. வெள்ளீயமே இல்லாமல், காரீயத்தோடு கால்சியம், சோடியம் போன்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு கலவையை உருவாக்கினார் சோக்ரால்ஸ்கி. 1924-ல் காப்புரிமை கிடைத்தது. பான்மெட்டால், அதாவது ரயில்வே உலோகம் என்றே அதற்குப் பெயர். ஜெர்மன் ரயில்வே வாங்கியது. பிறகு வேறு நாடுகளும் வாங்கின.

பணம் வந்தது. மரியாதை வந்தது. ஜெர்மனியின் உலோகவியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1925-ல் அதன் தலைவர். அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டிடமிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அதை அவர் ஏற்கவில்லை. பட்டம் இல்லாத தச்சர் வீட்டுப் பிள்ளை, 40 வயதுக்குள் ஐரோப்பிய உலோகவியலின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பினார், வம்பும் வந்தது

1918-ல் போலந்து மறுபடியும் தனி நாடானது. அதன் அதிபர் இக்னாட்சி மோஷ்ட்சிட்ஸ்கி ஒரு வேதியியல் பேராசிரியர். புது நாட்டைக் கட்ட விஞ்ஞானிகள் தேவை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அழைப்பை ஏற்று, ஜெர்மனியின் வசதிகளை விட்டுவிட்டு 1928-ல் சோக்ரால்ஸ்கி வார்சாவுக்கு வந்தார்.

முறையான பட்டம் இல்லாதவரை எப்படிப் பேராசிரியர் ஆக்குவது? வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1929-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அடுத்து பேராசிரியர் பதவி. அவருக்காக உலோகவியல் துறை ஒன்று உருவானது. ராணுவத்துக்கும் அவர் ஆய்வுகள் செய்தார். சம்பாதித்ததை அள்ளிக் கொடுத்தார். இசையமைப்பாளர் ஷோப்பான் பிறந்த வீட்டைச் சீரமைக்கவும், பிஸ்குபின் தொல்லியல் அகழாய்வுக்கும் அவர் பணம் போயிருக்கிறது. வீட்டில் எழுத்தாளர்கள், கலைஞர்கள் கூடுவார்கள். அவரே கவிதைகளும் எழுதினார்.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடிக்குமா என்ன? வெளிநாட்டிலிருந்து வந்தவர், முறையான படிப்பு இல்லாதவர், அதிபருக்கு வேண்டியவர், கையில் காசு உள்ளவர். சக பேராசிரியர் விட்டோல்ட் புரோனியெவ்ஸ்கி வெளிப்படையாக எதிர்த்தார். பான்மெட்டாலை போலந்து ரயில்வேக்குக் கொடுத்ததன் மூலம் நாட்டுக்குத் தீங்கு செய்தார் என்றும் குற்றம்சாட்டினார். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கில் சோக்ரால்ஸ்கி ஜெயித்தார். ஆனால் இவர் ஜெர்மன்காரர் பக்கம் என்ற சந்தேகம் மட்டும் சிலர் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

போர்: திரை மறைவில் என்ன நடந்தது?

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. போலந்தின் படித்த வர்க்கத்தை ஒழிப்பதே நாஜிகளின் திட்டம். பேராசிரியர்கள் கைதானார்கள், முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைச் சான்று இல்லாமல் தெருவில் பிடிபட்டால் கட்டாய உழைப்புக்கு ஜெர்மனிக்கு ஏற்றிவிடுவார்கள்.

இந்த நிலைமையில் சோக்ரால்ஸ்கி ஒரு முடிவு எடுத்தார். ஜெர்மானியர்களின் அனுமதியோடு, பல்கலைக்கழக வளாகத்திலேயே பொருள் ஆய்வுக்கூடம் ஒன்றைத் திறந்தார். அங்கே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. கையில் ஒரு சான்று, அதனால் ஓரளவு உயிர்ப் பாதுகாப்பு.

ஆனால் அந்தக் கூடத்துக்கு வந்த வேலைகளில் ஜெர்மன் ராணுவத்தின் வேலைகளும் இருந்தன. ஜெர்மன் அதிகாரிகளோடு அவர் சரளமாகப் பேசினார், பழகினார். அந்தப் பழக்கத்தை வைத்துக் கைதானவர்களை விடுவிக்கவும் முயன்றார். இன்னொரு பக்கம், போலந்தின் தலைமறைவு எதிர்ப்புப் படையான ஹோம் ஆர்மியின் உளவுப் பிரிவோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

சிக்கலே இங்கேதான். ஜெர்மானியர்களோடு அவர் கைகுலுக்கியதை ஊர் பார்த்தது. தலைமறைவுப் படைக்கு அவர் செய்த உதவியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி இருந்தால் அது ரகசிய வேலையே இல்லை, அவர் உயிரோடும் இருந்திருக்க மாட்டார்.

விடுதலை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை

1945-ல் போர் முடியும் நேரத்தில், ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்தார் என்று சோக்ரால்ஸ்கி கைது செய்யப்பட்டார். சில மாதங்கள் சிறை. விசாரணையில் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஆகஸ்டில் விடுதலையானார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் செனட் கூடி, அவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தது. சட்டம் விட்டுவிட்டது, சக ஊழியர்கள் விடவில்லை.

அந்த முடிவை எடுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வார்சாவைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவரையாவது இழந்த ஊர் அது. ஜெர்மன் பெயர் கேட்டாலே ரத்தம் கொதித்த காலம். போதாக்குறைக்குப் பழைய பொறாமைகளும் சேர்ந்துகொண்டன. சோக்ரால்ஸ்கியாலும் முழு உண்மையைச் சொல்லித் தப்பிக்க முடியாத நிலை. புதிய கம்யூனிஸ்ட் அரசு ஹோம் ஆர்மிக்காரர்களையே வேட்டையாடிக்கொண்டிருந்தது. நான் ஹோம் ஆர்மிக்கு உதவினேன் என்று சொன்னால் ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்குத்தான் போக வேண்டும்.

60 வயதில் எல்லாவற்றையும் இழந்தவர், பிறந்த ஊரான க்சினியாவுக்கே திரும்பினார். பியோன் என்ற பெயரில் சின்ன தயாரிப்புக் கூடம் ஆரம்பித்தார். ஷூ பாலிஷ், தலைமுடியைச் சுருட்டும் திரவம், இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பு, புறா படம் போட்ட ஜலதோஷப் பொடி. மருந்துக் கடையில் ஆரம்பித்த வாழ்க்கை சுற்றிச் சுற்றி மறுபடியும் பொடி, களிம்பு என்று வந்து நின்றது.

அதே நேரத்தில் அமெரிக்காவில்...

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதில் பயன்படுத்திய ஜெர்மானியம் பல மணிகள் சேர்ந்த சாதாரணத் துண்டு. அதாவது பத்து கொத்தனார் பதித்த தரை. மணிகள் முட்டிக்கொள்ளும் எல்லைகளில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும், சிதறும். ஒரு டிரான்சிஸ்டர் மாதிரி இன்னொன்று வேலை செய்யாது.

அங்கே வேலை பார்த்த கோர்டன் டீல் என்ற வேதியியலாளர், ஒற்றைப் படிகம் இருந்தால்தான் இது உருப்படும் என்று பிடிவாதமாக இருந்தார். டிரான்சிஸ்டர் குழுவை நடத்திய வில்லியம் ஷாக்லிக்கே முதலில் அதில் நம்பிக்கை இல்லை. நிர்வாகமும் பெரிதாக ஆதரிக்கவில்லை. 1948-ல் ஜான் லிட்டில் என்ற இன்ஜினீயரோடு சேர்ந்து, உருகிய ஜெர்மானியத்திலிருந்து படிகத்தை மேலே இழுத்துக் காட்டினார் டீல். இடம் ஒதுக்கப்படாததால் இரவில் கருவியை உருட்டிக்கொண்டு வந்து வேலை செய்து, விடிவதற்குள் மறுபடி அலமாரிக்குள் தள்ளிவைத்த நாட்களும் உண்டு.

முறை அதேதான். பேனா முள்ளுக்குப் பதில் விதைப் படிகம். வெள்ளீயத்துக்குப் பதில் ஜெர்மானியம். சில ஆண்டுகளில் சிலிக்கானிலும் சாதித்தார்கள். ஷாக்லியும் கருத்தை மாற்றிக்கொண்டார். 1954-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துக்கு மாறியிருந்த டீல், விற்பனைக்குத் தயாரான சிலிக்கான் டிரான்சிஸ்டர்களை அறிமுகம் செய்தார். டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

சோக்ரால்ஸ்கி அதைப் பார்க்கவில்லை. 1953-ல் ரகசியப் போலீஸ் அவர் வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டது. அதைத் தொடர்ந்து மாரடைப்பு. ஏப்ரல் 22-ம் தேதி போஸ்னான் நகரில் இறந்தார். வயது 67. க்சினியா கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1998 வரை அந்தக் கல்லறையில் அவர் பெயர்கூட இல்லை.

இன்று எப்படி நடக்கிறது?

இன்றைய தொழிற்சாலையில் அதே யோசனை பிரம்மாண்டமாகிவிட்டது. மிகத் தூய சிலிக்கானை குவார்ட்ஸ் மூசையில் போட்டு, ஆர்கான் வாயுச் சூழலில் உருக்குகிறார்கள். சிலிக்கான் உருக 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். பென்சில் போன்ற விதைப் படிகம் மேலேயிருந்து இறங்கி, குழம்பைத் தொட்டு, சுழன்றுகொண்டே மெதுவாக மேலே வரும். நிமிடத்துக்கு ஒரு சில மில்லிமீட்டர் வேகம்தான். அவசரப்பட்டால் படிகம் கெட்டுவிடும்.

முடிவில் கிடைப்பது 300 மில்லிமீட்டர் விட்டமும், 100 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட ஒரே ஒரு படிகத் தூண். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வட்ட வட்டமாக அறுத்து, கண்ணாடி போல மெருகேற்றினால் அதுதான் வேஃபர். ஒவ்வொரு வேஃபரிலும் நூற்றுக்கணக்கான சிப்கள். செய்திகளில் செமிகண்டக்டர் பற்றி வரும்போதெல்லாம் அதிகாரிகள் கையில் பிடித்துக் காட்டும் அந்தப் பளபளப்பான வட்டத் தட்டு இதுதான்.

66 ஆண்டுகளுக்குப் பிறகு

உலகம் முழுக்க ஆய்வகங்களில் தினமும் உச்சரிக்கப்படும் போலந்துக்காரர் பெயர் அவருடையதுதான். ஆனால் போலந்தில் அதைச் சத்தமாகச் சொல்ல நீண்ட காலம் தயங்கினார்கள். பாவெல் தோமஷெவ்ஸ்கி போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆவணங்களைத் துருவினார்கள். கடைசியில் வார்சா ஆவணக் காப்பகத்தில், சோக்ரால்ஸ்கி ஹோம் ஆர்மிக்கு உதவியதைக் காட்டும் ஆவணங்கள் கிடைத்தன.

2011 ஜூன் 29-ம் தேதி வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செனட் கூடி, அவருடைய பெயரைக் களங்கத்திலிருந்து முறைப்படி விடுவித்தது. 1945-ல் அவரை வெளியே தள்ளிய அதே அமைப்பு. நடுவில் 66 ஆண்டுகள். 2013-ஐ யான் சோக்ரால்ஸ்கி ஆண்டாக போலந்து நாடாளுமன்றம் அறிவித்தது.

1945 ஆகஸ்டிலேயே அவர் மீது குற்றம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அதை நம்புவதற்கு அவருடைய பல்கலைக்கழகத்துக்கு இன்னும் ஒரு காகிதம் தேவைப்பட்டது. அது கிடைத்தபோது, 1945-ல் அவர் விட்டுப்போன ஆய்வகத்துக்குத் திரும்பி வர அவர் இல்லை.